தோமேயின் குதிரையும் பிரபுவின் மெத்தையும்

தோமே ஐந்தாவது பெண். நான்கு பெண்களுக்குப் பிறகும் பெண்ணே பிறந்ததில் சலித்துப்போன அவள் அப்பா, "நிறுத்து" என்று பொருள்படும்படி அந்தப் பெயரை வைத்தார். அடுத்துப் பிறந்தது ஆண் பிள்ளை. ஆனால் அவன் நான்கு வயதில் அம்மை போட்டுப் போய்விட்டான். அதனால் வீட்டுக் குதிரையின் கயிறு தோமேயின் கைக்கு வந்தது. அன்றைக்கு அவளுக்கு ஒன்பது வயது. நாற்பத்து மூன்று வயதிலும் அந்தக் கயிறு அவள் கையில்தான் இருந்தது. குதிரைகள்தான் மாறின.

கிசோ மலைப் பள்ளத்தாக்கில் பெண்கள் குதிரை ஓட்டுவதை யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. எடோ தலைநகருக்குப் போகும் மலைச்சாலை சுகிதைரா சாவடியின் நடுவே போகிறது. பெரிய மனிதர்களும் அரசாங்க ஓலைகளும் மூட்டை முடிச்சுகளும் அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். சாவடியில் இருபத்தைந்து குதிரையும் இருபத்தைந்து சுமையாட்களும் எப்போதும் தயாராக நிற்க வேண்டும் என்பது கட்டளை. முந்தின சாவடிக்காரர்கள் கொண்டுவந்து இறக்குவதை இவர்கள் ஏற்றிக்கொண்டு, கராசு கணவாயைத் தாண்டி, இவாதோ சாவடியில் இறக்கிவிட்டுத் திரும்புவார்கள். அதற்கு மேல் ஓர் அடி போகக் கூடாது. நடுவழியில் நிற்கவும் கூடாது.

தோமேயின் கணவன் ஷின்பெய் சுமையாள். ஆறு வருஷத்துக்கு முன் காய்ச்சலில் இறந்தான். பிள்ளை இல்லை. வீட்டில் அவளும் குரி என்ற செம்பழுப்புப் பெண்குதிரையும்தான். வாசலைத் தாண்டினால் வலது பக்கம் குதிரை, இடது பக்கம் அடுப்பு. குரி கழுத்தை நீட்டினால் கொதிக்கிற கஞ்சியின் ஆவி அதன் மூக்கில் படும். தோமே கஞ்சி குடித்துக்கொண்டே அதனோடு பேசுவாள். எதிர்வீட்டுச் சுமையாள் ஹன்சுகேக்கு அது போதும்.

"என்னம்மா தோமே, உன் சம்பந்தி இன்னிக்கு என்ன சொல்றா?"

"எதிர்வீட்டுக்காரரு குளிச்சு எத்தன நாளாச்சுன்னு கேக்கறா, அண்ணே."

இப்படித்தான் அவர்களுடைய காலைப் பொழுது விடியும்.

ஊரின் கீழ்க்கோடியில் கருணைத் தெய்வமான கன்னோன் தாயின் கல் ஒன்று நிற்கிறது. தலையில் குதிரைமுகத்தைச் சூடிய கன்னோன். மற்ற ஊர்க் கோயில்களில் சிரித்த முகத்தோடு இருக்கிறவள், குதிரைக்காரர்களுக்கு மட்டும் கோபமுகம் காட்டுகிறாள். பிள்ளை ஆற்றோரம் ஓடினால் பெற்றவளுக்கு வருமே, அந்தக் கோபம். சுமை ஏற்றிய நாளெல்லாம் தோமே அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் மலை ஏறுவாள். போன முறை குரி ஈன்ற குட்டி உயிரில்லாமல் விழுந்தபோது, ஒரு மாதம் அந்தக் கல்லைத் தொடாமல் சுற்றிப்போனாள். பிறகு, யார் மேல் கோபித்துக்கொண்டு யாரிடம் போவது என்று அவளாகவே திரும்பி வந்துவிட்டாள்.

அந்தக் குரி இப்போது மறுபடியும் சினை.

சினைக் குதிரைக்குச் சாவடியில் ஒரு சலுகை உண்டு. ஈனுகிற மாதம் முழுக்க முறை கிடையாது. முன்கூட்டியே கணக்கரிடம் சொல்லி எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான். மாதத்தைக் கணக்குப் பார்ப்பதும் சுலபம். எந்த மாதம் பொலிகுதிரையோடு சேர்த்தோமோ, அடுத்த வருஷம் அதற்கு ஒரு மாதம் முன்னால் குட்டி விழும். ஐந்துக்கு நான்கு, நான்குக்கு மூன்று. கிசோவில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. குரியைச் சேர்த்தது நான்காம் மாதத் தொடக்கத்தில். ஆகவே மூன்றாம் மாதம் ஈனும் என்று தோமே சொன்னாள், கணக்கர் மொஹெய் அப்படியே எழுதினார்.

இரண்டாம் மாதம் பத்தாம் தேதி காலையில் தோமே குரிக்குப் புல் போடக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள். மடி இறங்கிக் கனத்திருந்தது. காம்பின் நுனியில் மெழுகுபோல் மஞ்சளாக ஒரு துளி உறைந்திருந்தது. வாலடியைத் தொட்டுப் பார்த்தாள். எலும்பின் இரண்டு பக்கமும் சதை இளகிக் குழைந்து கிடந்தது. முப்பது வருஷம் குதிரை வளர்த்தவளுக்கு இதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டாம். இன்றைக்கோ நாளைக்கோ.

அடுப்படியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். நான்கு, ஐந்து, ஆறு... எத்தனை முறை எண்ணினாலும் ஒரு மாதம் இடித்தது. சட்டென்று நினைவு வந்தது. போன வருஷம் நான்காம் மாதம் முடிந்ததும் ஐந்தாம் மாதம் வரவில்லை. இன்னொரு நான்காம் மாதம் வந்தது. சில வருஷங்களில் அப்படி ஓர் இடைமாதம் வந்து உட்காரும். அந்த இடைமாதம் முழுக்க மலை சரிந்து சாலை மூடிக்கிடந்தது. ஊரே மண் வெட்டிக்கொண்டிருந்தது. யாருக்கும் அது மாதமாகவே தோன்றவில்லை.

அவள் சாவடி அலுவலகத்துக்கு ஓடினாள்.

"ஐயா, தப்பு நடந்து போச்சு. குரிக்கு மூணாம் மாசம் இல்ல. இந்த மாசந்தான். இன்னிக்கோ நாளைக்கோ."

மொஹெய் தூரிகையைக் கீழே வைக்காமலே பேசினார். "நாலாம் மாசம் சேர்த்தேன்னு நீதானே சொன்னே? நாலுக்கு மூணு. எங்க அப்பா காலத்துலேருந்து அதான் கணக்கு."

"போன வருஷம் நாலாம் மாசம் ரெண்டு வந்துச்சே, ஐயா."

தூரிகை நின்றது. மொஹெய் பின்னால் திரும்பிச் சுவரில் தொங்கிய பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்தார். பிறகு தோமேயைப் பார்த்தார். அவருடைய காது சிவந்துபோயிற்று. மாதம் எண்ணுவதே தொழிலாக இருக்கிற மனிதர், பாவம்.

"அட தெய்வமே," என்றார். "எழுதினது நான். பாக்க வேண்டியவனும் நான்."

"இப்ப பேரை எடுத்துருங்க, ஐயா. பன்னண்டாந்தேதி மேற்கத்திப் பிரபு வர்றாருன்னு சொல்றாங்க."

"எடுத்துட்டு எதை வைக்கறது? உதவிக்கு வர்ற கிராமத்துக் குதிரைங்கள்லாம் அந்தப் பக்கம் பனியில மாட்டிக்கிச்சு. என்கிட்ட இருக்கறது சரியா இருபத்தஞ்சு. அதுல ஒண்ணு உன்னோடது. இருபத்து நாலு நின்னா சாவடித் தலைவரு கையில நூறு நாளைக்கு விலங்கு மாட்டிருவாங்க. அவருக்கு வயசு எழுபது."

தலைவர் நல்ல மனிதர். ஷின்பெய் இறந்தபோது சவப்பெட்டிக்குப் பலகை கொடுத்தவர்.

"அது அதுக்கு விதிச்சபடி நடக்கட்டும், ஐயா," என்றாள் தோமே. "ஆனா அது செத்துப்போச்சுன்னா எனக்கு வேற யாரும் இல்ல. அதையும் எழுதி வச்சுக்குங்க."

மொஹெய் எழுந்து நின்று தலை குனிந்தார். கணக்கர் ஒரு குதிரைக்காரிக்கு எழுந்து நின்றதை வாசலில் இருந்த ஹன்சுகே பார்த்துக்கொண்டிருந்தான். "இருக்கறதுலயே எடை கம்மியான சுமையா உனக்கு எழுதறேன், தோமே. அது மட்டுந்தான் என் கையில இருக்கு."

வெளியே வந்ததும் ஹன்சுகே சொன்னான். "எடை கம்மின்னா, நம்ம கணக்கரோட மூளையைத்தான் ஏத்தி விடணும். நாலு கணக்கரோட மூளையைச் சேத்து ஏத்தினாலும் காத்து மாதிரி இருக்கும்."

தோமேக்குச் சிரிப்பு வரவில்லை. அதைப் பார்த்து ஹன்சுகேயும் வாயை மூடிக்கொண்டான். அவன் வாயை மூடியது அந்த வருஷத்தில் அதுதான் முதல் முறை.

பதினோராம் தேதி குட்டி விழவில்லை. விழுந்திருந்தால் தேவலை என்று கன்னோன் கல்லுக்கு மூன்று முறை போய் வந்தாள். பன்னிரண்டாம் தேதி முற்பகலில் பிரபுவின் ஊர்வலம் வந்து சேர்ந்தது. "தலை குனி! தலை குனி!" என்று கூவிக்கொண்டு கட்டியக்காரர்கள் முன்னால் வந்தார்கள். தெருவின் இரண்டு பக்கமும் ஊர் மண்டியிட்டது. பிரபு உணவுக்காகப் பெரிய விடுதிக்குள் போனார். அவர் சாப்பிட்டு எழுவதற்குள் மூட்டைகள் முன்னால் கிளம்பியாக வேண்டும்.

மொஹெய் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். குரியின் சேணத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெட்டிகளைக் கட்டினார்கள். கருப்பு அரக்குப் பூசி, பொன்னால் குலச்சின்னம் எழுதிய பெட்டிகள். பார்க்கப் பெரிசு, தூக்கினால் பஞ்சு.

"உள்ள என்ன?" என்று தோமே ஹன்சுகேயிடம் மெல்லக் கேட்டாள்.

"ராஜாவோட மெத்தையும் போர்வையும். எடோவுல படுக்கறதுக்கு." பிறகு குரலை இன்னும் தாழ்த்தினான். "எடை கம்மிதான், தோமே. ஆனா அவரு உடம்புல படற சாமான். ஒரு சொட்டுத் தண்ணி பட்டா நம்ம கழுத்து போயிரும். உங்க கணக்கரு நல்லது பண்றதுக்குக்கூட சாமர்த்தியம் வேணும்னு தெரியாம பண்ணிட்டாரு."

ஈனப்போகிற குதிரையின் முதுகில், பிரபுவின் படுக்கை.

கணவாய்ப் பாதையில் வெயில் படாத வளைவுகளில் எல்லாம் பனி உறைந்து கிடந்தது. சுமைகளுக்குப் பொறுப்பான அதிகாரி முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தார். வெள்ளைக் கால்பட்டை கட்டிய ஒல்லி மனிதர். மூக்கில் ஒரு மரு. அவருக்குப் பின்னால் ஓர் எழுத்தர். இரண்டாவது வளைவில் குரி நின்றது. தலையைத் திருப்பித் தன் விலாவையே பார்த்தது.

"ஏய், பொம்பள! என்ன நிக்குது அங்க?"

"செருப்பு கட்டறேன், எஜமான்."

குரியின் வைக்கோல் செருப்பு நன்றாகத்தான் இருந்தது. தோமே குனிந்து அதை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். கட்டினால் அது பொய்யில்லையே. அதற்குள் வலி தணிந்து குரி நடந்தது. மூன்றாவது வளைவில் இன்னொரு செருப்பு. ஐந்தாவது வளைவுக்குள் நான்கு கால் செருப்பும் முடிந்துவிட்டது. இனி அவிழ்க்க அவளுடைய செருப்புத்தான் பாக்கி.

"தாயே, கீழ இவாதோ வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு," என்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு ஏறினாள். "இல்லன்னா உச்சி தாண்டற வரைக்குமாவது."

உச்சியிலேயே நடந்துவிட்டது. அங்கே மலைச்சாமிக்கு ஒரு மரவளைவு நிற்கிறது. அதன் வழியாகப் பார்த்தால் தூரத்துப் பனிமலை தெரியும். வழிப்போக்கர்கள் அங்கே நின்று கும்பிடாமல் இறங்கமாட்டார்கள். பக்கத்தில் சதோ என்ற பெண்ணின் தேநீர்க் கடை. அந்த வளைவுக்குப் பத்தடி இருக்கும்போது குரி பின்னங்கால்களை அகட்டி நின்றது. உடம்பு முழுக்க வேர்வை. முன்னங்கால்கள் மடங்க ஆரம்பித்தன. அது படுத்தால் இரண்டு பெட்டியும் அடியில் நசுங்கும். படுக்கவிடாமல் இழுத்தால் குட்டி உள்ளேயே போய்விடும். பெட்டியை இறக்கலாம் என்றால், உத்தரவில்லாமல் பிரபுவின் சாமானைத் தொட்டு இறக்கிய கை கையாக இருக்காது.

வழி முழுக்க மறைத்தவள், தலைக்கயிற்றைப் பிடித்தபடி திரும்பி, உள்ளதைச் சொன்னாள்.

"எஜமான், மன்னிக்கணும். இது ஈனப்போகுது. இப்பவே. பிரசவத் தீட்டு, எஜமான். மேல இருக்கறது ராஜாவோட படுக்கை."

அவள் சொன்னது அவளுக்கே கேட்டிருக்காது. ஹன்சுகே காவடிக் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டே கட்டியக்காரன் தொண்டையில் கூவினான். "தீட்டு! தீட்டு! ராஜா மெத்தைக்குத் தீட்டு வரப்போகுது!"

அதிகாரியின் கை வாள் பிடிக்குப் போயிற்று. பிறகு பெட்டியைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. பிரபுவின் படுக்கையில் தீட்டு பட்டது என்று ஒரு வார்த்தை பரவினால், பிரபு ஏழு நாள் விலகி இருக்க வேண்டும். குறித்த நாளில் எடோவில் போய் நிற்க முடியாது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய வயிறு அந்த அதிகாரியுடையது. அதை அவரே கிழித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

"பட்டுடுச்சா?" என்று கேட்டார். அதிகாரக் குரல் போய், சாதாரண மனிதக் குரல் வந்திருந்தது.

"இன்னும் படல, எஜமான். இப்ப இறக்கினா படாது."

"இறக்கு! இறக்குடா! என்ன பாத்துட்டு நிக்கறீங்க?" அவரே ஒரு பெட்டியின் அடியில் தோள் கொடுத்தார். ஹன்சுகேயும் இன்னும் மூன்று பேரும் பாய்ந்து கயிறுகளை அவிழ்த்தார்கள். சதோ கடையிலிருந்து உப்புக் கிண்ணத்தோடு ஓடி வந்து பெட்டிகளைச் சுற்றி உப்பை வீசினாள். கொஞ்சம் அதிகாரியின் தலையிலும் விழுந்தது. அவர் தட்டிவிடவில்லை.

"எஜமான், குறிப்புல என்ன எழுதறது?" என்றார் எழுத்தர்.

"கால் நொண்டி. குதிரைக்குக் கால் நொண்டிருச்சு. வழியில விட்டாச்சு. அவ்வளவுதான். வேற எதையும் நீ பாக்கல, நானும் பாக்கல." தோமேயின் பக்கம் திரும்பினார். "இதை எங்கயாவது மறைச்சு வை. ராஜாவோட பல்லக்கு வந்துட்டு இருக்கு. ஒரு சத்தம் வரக் கூடாது. புரியுதா?"

கீழே வளைவுகளுக்கு அப்பால், "தலை குனி" என்ற கூவல் மெல்லியதாகக் கேட்டது.

"சாமி முன்னாடி வேணாம், புண்ணியமாப் போகும்," என்றாள் சதோ. "பின்னாடி விறகுக் கொட்டாய்க்குக் கொண்டா. வெட்டின வைக்கோல் கிடக்கு. சீக்கிரம் வா!"

குரி நகரவில்லை. தோமே அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று பிற்காலத்தில் பலர் கேட்டிருக்கிறார்கள். "ஞாபகமில்ல, வீட்டுல சொல்றதைத்தான் சொல்லியிருப்பேன்" என்பாள். குரி ஓர் அடி எடுத்து வைத்தது. பிறகு இன்னோர் அடி. கொட்டகைக்குள் நுழைந்ததும் பொத்தென்று வைக்கோலில் படுத்துவிட்டது. பனிக்குடம் உடைந்தது. ஹன்சுகே பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி மற்றவர்களோடு மலையிறங்கிப் போய்விட்டான்.

பல்லக்கு உச்சியை எட்டியது. பிரபு அங்கே இறங்கி மலைச்சாமியைக் கும்பிட நின்றார் போலிருக்கிறது. காலடிச் சத்தங்கள் நின்றன. அந்த மலையுச்சியில் அப்போது மூச்சு விடவும் யாருக்கும் தைரியமில்லை.

கொட்டகைக்குள் தோமே மண்டியிட்டிருந்தாள். தலை குனிந்திருந்தாலும் கண் குரியின் வாலடியில் இருந்தது. குட்டியின் ஒரு குளம்பு வெளியே தெரிந்தது. ஒன்றே ஒன்று. இரண்டு வர வேண்டும். ஒரு கால் உள்ளே மடங்கிக் கிடக்கிறது. போன முறையும் இப்படித்தான். அன்றைக்கு அவள் பயந்துபோய் ஆளைக் கூப்பிட ஓடினாள். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இன்றைக்கு ஓடவும் முடியாது, கூப்பிடவும் முடியாது.

சதோ சத்தமில்லாமல் சமையல் எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தினாள். தோமே முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டாள். வலி விட்ட நேரம் பார்த்துத் தெரிந்த காலைப் பின்னுக்குத் தள்ளி, கையை உள்ளே விட்டாள். மூக்கு தட்டுப்பட்டது. அதற்குக் கீழே முழங்கால். குளம்பின் நுனியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, தாயைக் கிழிக்காமல் மெதுவாக, மெதுவாக முன்னுக்குக் கொண்டுவந்தாள். அடுத்த வலி வந்தது. அவள் கை எலும்பு நொறுங்குவதுபோல் நெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். குரியும் ஏனோ சத்தம் போடவில்லை. மூச்சை மட்டும் நீளமாக விட்டது. அதற்கு என்ன புரிந்ததோ, கன்னோனுக்குத்தான் தெரியும்.

இரண்டு குளம்பு. மூக்கு. நெற்றி. அப்புறம் எல்லாம் ஒரே வழுக்கலில் வந்து வைக்கோலில் விழுந்தது.

அசையவில்லை.

தோமே மூக்கைத் துடைத்தாள். வாய்க்குள் விரல் விட்டுச் சளியை வழித்தாள். ஒரு நாசியைப் பொத்தி மறு நாசியில் ஊதினாள். வைக்கோலை அள்ளி விலாவில் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே பிரபு இன்னும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் என்ன வேண்டிக்கொண்டாரோ. இங்கே ஒருத்தி வேண்டக்கூட மறந்து தேய்த்துக்கொண்டிருந்தாள்.

குட்டி தும்மியது.

சின்னத் தும்மலில்லை. மூக்கிலிருந்த நீரெல்லாம் தெறிக்க, அந்த அமைதியில் வெடி வைத்ததுபோல் ஒரு தும்மல். வெளியே யாரோ அதட்டினார். "யார் அது?"

சதோ ஒரு கணமும் யோசிக்கவில்லை. கொட்டகைக் கதவுக்கு வெளியே தலையை நீட்டித் தரையில் நெற்றி படக் குனிந்து, இன்னொரு தும்மல் போட்டாள். முதலாவதைவிடப் பெரிசு. "மன்னிக்கணும், எஜமான். பனி ஒத்துக்கல." மூன்றாவதாகவும் ஒன்று போட்டாள், நம்பிக்கைக்கு.

"கிழவிக்குச் சளி," என்றது ஒரு குரல். மூக்கில் மருவுள்ள அதிகாரியின் குரலாகத்தான் இருக்க வேண்டும். சுமைகளோடு இறங்காமல் அவர் ஏன் அங்கேயே நின்றார் என்று சொல்லத் தேவையில்லை. "எனக்குங்கூடத்தான் சளி. இந்த மலையே அப்படி. கிளம்புங்க."

பல்லக்கு எழுந்தது. காலடிகள் இறங்கி இறங்கித் தேய்ந்தன. கடைசி ஈட்டிக்காரனும் போன பிறகு சதோ உள்ளே வந்தாள். "என்னைக் கிழவின்னு சொல்றான், பாத்தியா? எனக்கு நாப்பத்தேழு." சொல்லிவிட்டு, தோமேயின் முகத்தைப் பார்த்தாள். தோமே வைக்கோலில் உட்கார்ந்து, எண்ணெயும் இரத்தமுமான இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். சிரிப்பும் நடுவில் வந்தது. சதோவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். குரி தலையைத் திருப்பிக் குட்டியை நக்க ஆரம்பித்தது. குட்டி பெண். தாயைப் போலவே செம்பழுப்பு.

அது நான்கு முறை எழுந்து நான்கு முறையும் விழுந்தது. ஐந்தாம் முறை நின்றது. நஞ்சுக்கொடி முழுதாக விழுந்ததைத் தோமே விரித்துப் பார்த்துச் சரி பார்த்தாள். குட்டி காம்பைத் தேடி முழங்காலை முட்டியது, விலாவை முட்டியது, சதோவின் உடுப்பு நுனியைக்கூடச் சப்பிப் பார்த்தது. கடைசியில் கண்டுபிடித்தது. அது குடிக்கிற சத்தம் கேட்டதும்தான் தோமேக்கு உயிர் வந்தது.

வெயில் சாயுமுன் ஹன்சுகேயும் கூட்டாளிகளும் வெறுங்கையோடு மலையேறித் திரும்பி வந்தார்கள். ஹன்சுகே கொட்டகை வாசலில் நின்றான். உள்ளே வரப் பயந்து, "இருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

"ரெண்டும் இருக்கு, அண்ணே."

அவன் அந்தப் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் மூக்கைச் சிந்தினான். பிறகுதான் வாய் திறந்தது. "இவாதோவுல இறக்கி வச்ச மெத்தையை, பின்னாடி வந்து சேந்த அந்த மருமூக்கு என்ன பண்ணான் தெரியுமா? மோந்து பாத்தான். சத்தியமா! ஒரு மணி நேரம் மோந்து பாத்துட்டு, 'சுத்தம்'னு சொல்லி என் தோள்ல தட்டினான். வேட்டைநாய்கூட அப்படி மோந்து பாக்காது."

அந்தக் கால்களோடு குட்டி பனியில் இறங்க முடியாது. காவடிக் கம்பில் கயிற்று வலையைத் தொட்டில்போல் கட்டி, சதோவின் பழைய போர்வையை விரித்துக் குட்டியை அதில் படுக்க வைத்தார்கள். முன்னால் ஒருவன், பின்னால் ஹன்சுகே. தாய் கண் எடுக்காமல் ஒட்டி நடந்தது. ஊர் எல்லை வந்ததும் ஹன்சுகேயின் வாய் சும்மா இருக்குமா?

"தலை குனி! தலை குனி! ராணியம்மா பல்லக்கு வருது!"

மதியம் முழுக்க மண்டியிட்டு முட்டி வலித்திருந்த ஊர், இப்போது சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தது. ஒருத்தி நிஜமாகவே மண்டியிட்டாள். தலைவர் கிழவர் கைத்தடியோடு வந்து தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். விலங்கு விழாத தன் இரண்டு கைகளாலும் குட்டியின் முகத்தைத் தடவினார்.

தோமே வீட்டில் முதல் வேலையாகச் சோயா விழுதைக் கரைத்து வெந்நீர்ச் சாறு வைத்து, தவிடு போட்டுக் குரிக்குக் கொடுத்தாள். ஈன்ற குதிரைக்கு அதுதான் மருந்து. மொஹெய் வந்தபோது குரி தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது. கணக்கர் பிறந்து வளர்ந்தது குதிரை ஊர்தான். ஆனாலும் குதிரைக்குப் பயப்படுகிற ஆள். வாசலிலேயே நின்றார்.

"தோமே, ஒண்ணு கேக்கணும். நீ எதைப் பாத்துக் கண்டுபிடிச்சே? மாசத்தை வச்சு இல்லையே?"

"மடியைப் பாத்து, ஐயா."

"எனக்குக் காட்டறியா?"

பயந்து பயந்து உள்ளே வந்து, குரியின் பின்னங்காலுக்கு எட்டாத தூரத்தில் குந்தி உட்கார்ந்தார். தோமே ஒவ்வொன்றாகச் சொன்னாள். மடி எப்போது இறங்கும், காம்பில் மெழுகு எத்தனை நாள் முன்னால் வரும், வாலடி எப்போது குழையும். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அந்த வருஷத்திலிருந்து சுகிதைரா சாவடியில், பெரிய ஊர்வலம் வருவதற்குப் பத்து நாள் முன்பு கணக்கர் வீடு வீடாகப் போய்ச் சினைக் குதிரைகளின் அடியில் குனிந்து பார்த்த பிறகுதான் பட்டியல் எழுதினார். இரண்டு முறை உதை வாங்கினார். ஒரு முறை பல் போயிற்று. ஆனாலும் விடவில்லை.

தோமே அறுபத்தொரு வயது வரைக்கும் அந்த மலை ஏறினாள். அவள் கையால் உலகத்துக்கு வந்த குட்டிகள் எத்தனை என்று அவள் எண்ணி வைக்கவில்லை. பக்கத்துக் கிராமங்களில் கால் மடங்கிய குட்டி என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். எண்ணெய்க் கிண்ணத்தோடு போவாள், முடித்ததும் கஞ்சி குடித்துவிட்டு வருவாள்.

அன்றைக்கு மொஹெய் போன பிறகு அவள் அடுப்புக்கும் குதிரைக்கும் நடுவில் அப்படியே படுத்துவிட்டாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. எழுந்து சாப்பிட வேண்டும் என்று நினைத்தாள். குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. அது முடிக்கட்டும், எழுந்துகொள்ளலாம் என்று கண்ணை மூடினாள்.